கடைசி மணித்துளியில் தவறும் பந்து

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆண்டு விழா என்றால் இலக்கியச் சொற்பொழிவு ஒன்று இருந்தே தீரவேண்டும் என்பது நம் சங்கத்தின் மரபு. சென்ற ஆண்டு சிலம்பு கேட்டோம். அதற்கு முந்தைய ஆண்டு கம்பனில் தோய்ந்தோம். இவ்வாண்டு இப்பொறுப்பை நம்மிடம் ஒப்படைத்த செயலாளர், "எப்பொருளைப் பற்றியும் பேசலாம்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டார். அச்சொல்லைப் பிடித்துக்கொண்டு, கூடைப்பந்தைப் பற்றிப் பேச வந்து நிற்கிறோம். முன்வரிசையில் வீற்றிருக்கும் தமிழாசிரியர் ஐயா பொறுத்தருள வேண்டும். பின்வரிசையில் சுவரோரம் நிற்கும் பிள்ளைகளின் முகம் இப்போதே மலர்வதைக் காண்கிறோம்.

இப்பொருளை எடுத்ததற்குக் காரணம் உண்டு. சென்ற குளிர்காலத்தில் நம் காலனித் திடலில் நடந்த கல்லூரிகளுக்கிடையேயான இறுதி ஆட்டத்தை மறந்திருக்க மாட்டீர்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் மூவர் ஆடிய அணி, முக்கால் பங்கு நேரம் முன்னணியில் இருந்தது. கடைசி ஐந்து மணித்துளிகளில், தொலைவில் நின்று எறிந்த பந்தெல்லாம் வளையத்தின் முன்விளிம்பில் மோதி மோதித் திரும்பின. ஒரே ஒரு புள்ளியில் தோற்றோம். இறுதிப் பந்தை எறிந்தவன் நம் சங்கத்துப் பிள்ளை. ஆட்டம் முடிந்து வீடு திரும்பும் வழியில் நாம் என்ன பேசினோம்? "கை நடுங்கிவிட்டது", "நெஞ்சுரம் இல்லை", "வேறொருவன் எறிந்திருக்கலாம்". இதைச் சொன்னவர்களுள் இப்போது பேசும் நாமும் ஒருவர். நமக்கு நான்கடி முன்னால் அப்பிள்ளையின் தாயார் நடந்து சென்றார் என்பதைப் பின்னர்தான் அறிந்தோம். அன்றிலிருந்து அவன் திடலின் பக்கம் வரவில்லை.

நாம் சொன்னது மெய்யா? கை நடுங்கியதால்தான் பந்து தவறியதா? அதையே இன்று ஆராயப் புகுகிறோம். இவ்விளையாட்டு பிறந்த நாட்டில், நம்மைவிடப் பன்மடங்கு வல்ல கல்லூரி அணிகளுக்கு இதே இடர் நேர்ந்திருக்கிறது. அவற்றைப் பார்த்தால் நம் ஐயம் தெளியலாம்.

முதலில் விளையாட்டின் தோற்றத்தைச் சற்றே நினைவு கூர்வோம். 1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியொன்றில் ஆசிரியராயிருந்த ஜேம்ஸ் நைஸ்மித், பனிக்காலத்தில் கூரைக்கடியில் ஆடுவதற்கு ஓர் ஆட்டம் வேண்டி, பீச்சுப் பழக் கூடைகள் இரண்டைப் பத்தடி உயரத்தில் அடித்து மாட்டினார். பக்கத்துக்கு ஒன்பது பேர். அந்த முதல் ஆட்டம் முழுவதிலும் விழுந்தது ஒரே ஒரு பந்து. அதை எறிந்த மாணவர் ஏறத்தாழ 25 அடித் தொலைவில் நின்று எறிந்தாராம். ஆகவே உலகின் முதற் கூடையே தொலையெறிதான்! அன்று தவறியவை எத்தனை என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. வைத்திருந்தால் நம் பிள்ளைக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அதே ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் என்பார் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவினார். அங்கே பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் ஊர்தோறும் சென்றார்கள். நம்முள் முதியோர் சிலர், தம் உயர்நிலைப் பள்ளியில் வெள்ளைக் காற்சட்டையும் ஊதலுமாக நின்ற உடற்பயிற்சி ஆசிரியரை நினைவிற் கொள்வர். அவர் பெரும்பாலும் அக்கல்லூரியின் வழிவந்தவராகவே இருந்திருப்பார்.

இனி அளவுகளைப் பார்ப்போம். கணக்கு என்றதும் அஞ்ச வேண்டா; ஆலையில் அளவுகோலோடு வாழும் நமக்கு இது எளிது.

வளையத்தின் விட்டம் 18 அங்குலம். ஆடவர் ஆடும் பந்தின் விட்டம் ஏறத்தாழ ஒன்பதரை அங்குலம். பந்து வளையத்தின் நட்டநடுவே இறங்கினால், பக்கத்துக்கு நாலேகால் அங்குலம் இடம் எஞ்சும். இதுதான் எறிபவனுக்குக் கிடைக்கும் சலுகை முழுவதும். 'ஃப்ரீ த்ரோ' என்று பிள்ளைகள் வழங்கும் தடையில்லா எறியில், எறிபவன் நிற்கும் கோட்டிலிருந்து வளையத்தின் நடுப்புள்ளி பதினான்கடிக்குச் சற்றுக் குறைவு. அங்கிருந்து எறியும்போது அவன் கை ஒரே ஒரு பாகை பக்கவாட்டில் பிசகினால், வளையத்தருகே பந்து மூன்று அங்குலம் விலகும். பந்து விளிம்பைத் தொடாமலே விழும். ஆனால் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்று அதே ஒரு பாகை பிசகினால் நாலரை அங்குலத்துக்கு மேல் விலகும். பந்து விளிம்பில் மோதும். அதன்பின் உள்ளே விழுவதும் வெளியே தெறிப்பதும் பந்தின் சுழற்சியையும் அதன் நல்லூழையும் பொறுத்தவை. கை அதே கை. பிழையும் அதே பிழை. தொலைவு மட்டும் மாறிற்று.

அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் மூன்று புள்ளிக் கோடு நாடு முழுவதற்கும் பொதுவாக வந்தது 1986-87 ஆட்டப் பருவத்தில்தான். அப்போது அது 19 அடி 9 அங்குலம். 2008இல் ஓரடி தள்ளி வைத்தார்கள். 2019இல் ஆடவர் ஆட்டத்தில், உலகப் போட்டிகளின் அளவுக்கே கொண்டு சென்று 22 அடி 1¾ அங்குலம் ஆக்கினார்கள். கோடு தள்ளத் தள்ள, நாம் மேலே சொன்ன நாலேகால் அங்குலச் சலுகைக்குள் அடங்கும் கோணப் பிசகு சுருங்கிக்கொண்டே வருகிறது என்பதை உணர்க.

இன்னொன்று உண்டு, நம் பொருளுக்கு உயிர்நிலை அதுவே. பந்து வளையத்துக்குள் இறங்கும் சாய்வு. நேர் மேலிருந்து பார்த்தால் வளையம் முழு வட்டம். சாய்வாகப் பார்த்தால் நீள்வட்டம். பந்தும் தான் வரும் சாய்விலேயே வளையத்தைக் 'காண்கிறது' எனலாம். 45 பாகைச் சாய்வில் இறங்கும் பந்துக்கு, 18 அங்குல வாய் பன்னிரண்டே முக்கால் அங்குலமாகக் குறுகுகிறது. 35 பாகையில் பத்தேகால் அங்குலம். 30 பாகையில் ஒன்பதே அங்குலம். ஒன்பதரை அங்குலப் பந்து விளிம்பைத் தொடாமல் அதில் நுழையவே இயலாது. ஆகவேதான் பந்தை உயர்த்தி எறியச் சொல்கிறார்கள் பயிற்சியாளர்கள். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்துப் பொறியியலார் இருவர், கணிப்பொறியில் இலட்சக்கணக்கான எறிகளை எறிந்து பார்த்து, தடையில்லா எறிக்குக் கையிலிருந்து கிளம்பும் கோணம் 52 பாகை அளவில் இருத்தல் நன்று என்றும், பந்து பின்னோக்கிச் சுழன்றவாறு, நொடிக்கு மூன்று சுற்றுப் போல வரவேண்டும் என்றும் கண்டனர்.

உயரம் எங்கிருந்து வருகிறது? கையிலிருந்து என்று எண்ணுவோம். இல்லை, காலிலிருந்து வருகிறது. முழங்கால் மடிந்து நிமிரும் விசைதான் இடுப்பு, தோள், மணிக்கட்டு வழியே விரல்நுனிக்கு ஏறுகிறது. முப்பத்தைந்து மணித்துளி ஓடிக் களைத்த கால் அவ்விசையைத் தருவதில்லை. எறிபவன் தான் அறியாமலே குறையைத் தோளால் ஈடு செய்ய முயல்கிறான். பந்து தாழ்ந்து, தட்டையாகப் பறக்கிறது. வளையத்தின் முன்விளிம்பில் மோதுகிறது. நம் திடலில் அன்று பந்து எங்கே மோதியது? முன்விளிம்பில்! பக்கத்தில் அன்று, பின்னால் அன்று. நடுங்கும் கை எல்லாப் பக்கமும் தவறும். மீண்டும் மீண்டும் முன்விளிம்பிலேயே மோதும் பந்து, காலைப் பற்றியே சான்று பகர்கிறது.

அன்று நம் அணியில் மாற்றாட்டக்காரர் இருவரே இருந்தனர் என்பதையும், அவருள் ஒருவன் காய்ச்சலோடு வந்திருந்தான் என்பதையும் இவ்விடத்தில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உடலைப் பற்றிய செய்தி இவ்வளவு. இனி, பெரிய அணிகளுக்கு நேர்ந்தவற்றைக் காண்போம்.

இண்டியானா மாநிலம் கூடைப்பந்துக்குப் பேர் போனது. நம் நாட்டில் வங்காளத்துக்குக் கால்பந்து எப்படியோ அப்படி. அதன் தலைநகர் இண்டியானாபொலிஸில் பட்லர் என்றொரு சிறு பல்கலைக்கழகம். 1928இல் திறக்கப்பட்ட அதன் ஆட்ட அரங்கில், 1954ஆம் ஆண்டு மிலன் என்னும் சிற்றூர்ப் பள்ளி, பெரிய பள்ளியொன்றை 32-30 என்று வென்று மாநிலக் கோப்பையைப் பெற்றது. அதன் இறுதிப் பந்தை எறிந்த பாபி பிளம்ப், அவ்வாட்டத்தின் நான்காம் பகுதியில் நான்கு மணித்துளிகளுக்கு மேலாகப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார்! அந்நாளில் இத்தனை நொடிக்குள் எறிய வேண்டும் என்ற விதி அங்கு இல்லை. நின்று நின்று அதன்பின் எறிந்த பந்து என்ன ஆயிற்று? தவறியது. ஆயினும் கடைசி நொடிகளில் மீண்டும் எறிந்தார், விழுந்தது, ஊர் முழுவதும் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. முதலில் தவறியதை இன்று நினைவு கூர்வார் சிலரே.

அந்தப் பட்லர் பல்கலைக்கழகம் 2010இல் நாடளாவிய கல்லூரிப் போட்டியின் இறுதி ஆட்டம் வரை வந்தது. ஆட்டம் நடந்ததும் அதே இண்டியானாபொலிஸ் நகரில். பயிற்சியாளர் பிராட் ஸ்டீவன்ஸுக்கு அப்போது வயது 33. எதிரே டியூக் பல்கலைக்கழகம். பெயர் பெற்ற அணி. ஒரு புள்ளி பின்தங்கியிருந்த நிலையில், கார்டன் ஹேவர்ட் என்ற இளைஞர் கோட்டோரத்திலிருந்து பின்சாய்ந்து எறிந்த பந்து வளையத்தில் பட்டுத் தவறியது. 3.6 நொடி எஞ்சியது. டியூக் ஆட்டக்காரருக்குத் தடையில்லா எறி இரண்டு. முதலாவதைப் போட்டார், இரண்டாவதைப் பயிற்சியாளர் சொற்படி வேண்டுமென்றே தவறவிட்டார். பந்தைப் பற்றிய ஹேவர்ட் நடுக்கோட்டருகிலிருந்து எறிந்தார். எழுபதாயிரம் பேர் எழுந்து நின்றனர். பந்து பலகையில் பட்டு, வளையத்தில் பட்டு, வெளியே விழுந்தது. 61-59.

அந்த எறி விழுந்திருந்தால் பட்லர் ஒரு புள்ளியில் வென்றிருக்கும். ஓரிரு அங்குலத்தில் தவறிய பந்துக்கும் விழுந்த பந்துக்கும், எறிந்தவருடைய நெஞ்சுரத்தில் என்ன வேறுபாடு இருக்க முடியும்? இதை நமக்கு நாமே கேட்டுப் பார்க்க வேண்டும்.

மறு ஆண்டு, 2011இல், பட்லர் மீண்டும் இறுதி ஆட்டத்துக்கு வந்தது. ஹூஸ்டன் நகரில் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தோடு மோதியது. பாதி ஆட்டம் முடிந்தபோது 22-19 என்று பட்லர் முன்னணியில் இருந்தது. பின்பாதியிலோ பந்து விழவே இல்லை. முடிவு 53-41. ஆட்டம் முழுவதிலும் பட்லர் எறிந்தவை 64, விழுந்தவை 12. இறுதி ஆட்டங்களின் வரலாற்றில் இதைவிடக் கீழான விழுக்காடு கிடையாது. பட்லருக்குத் தொலையெறி கைகொடுக்கவில்லை என்று உலகம் சொல்லிற்று. ஆனால் கணக்கைப் பிரித்துப் பாருங்கள். மூன்று புள்ளி எறிகள் 33. அவற்றுள் விழுந்தவை 9. எஞ்சிய 31 எறிகளும் கோட்டுக்கு உள்ளேயிருந்து எறிந்தவை. அவற்றுள் விழுந்தவை மூன்றே மூன்று! தொலைவிலிருந்து நான்கில் ஒன்றாவது விழுந்தது. அருகிலிருந்து பத்தில் ஒன்றுகூட விழவில்லை. கனெக்டிகட்டின் நெடிய ஆட்டக்காரர்கள் வளையத்தைச் சூழ்ந்து காவல் நின்றனர். உள்ளே போக வழியில்லாத அணி வெளியே நின்று எறிந்தது. வென்ற அணியோ மூன்று புள்ளி எறியில் விழச் செய்தது ஒன்றுதான். ஆகத் தொலையெறி தவறியதாக நாம் காணும் இடத்தில் பல வேளைகளில் நோய் வேறிடத்தில் இருக்கிறது. தலைவலிக்குக் காரணம் வயிற்றில் இருக்கக்கூடும் என்று நம் சித்த வைத்தியர் சொல்வதுண்டல்லவா?

மெம்பிஸ் பல்கலைக்கழகத்தின் கதை இன்னும் இரங்கத்தக்கது. 2008இல், சான் அன்டோனியோ நகரில், கான்சாஸுக்கு எதிரே இறுதி ஆட்டம். 2 மணித்துளி 12 நொடி எஞ்சியபோது மெம்பிஸ் 60-51 என்று ஒன்பது புள்ளி முன்னணி. அவ்வணிக்குத் தடையில்லா எறியில் குறை உண்டு என்பது பருவம் முழுவதும் நாடறிந்த செய்தி. ஆனால் அதற்கு முந்தைய சில ஆட்டங்களில் நன்றாகவே எறிந்திருந்தது. குறை தீர்ந்தது என்றே எண்ணினர். கடைசி ஒன்றேகால் மணித்துளியில் ஐந்து தடையில்லா எறிகளில் நான்கு தவறின. 2.1 நொடி எஞ்சியபோது கான்சாஸின் மாரியோ சால்மர்ஸ் மூன்று புள்ளி எறிந்து சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் கான்சாஸ் 75-68 என்று வென்றது. தடையில்லா எறியில் எதிரில் யாரும் இல்லை, கடிகாரமும் ஓடவில்லை. மனம் ஒன்றே எதிரி. அங்கேயும் தவறுகிறது என்றால், மனத்தைப் பற்றியும் பேசத்தான் வேண்டும்.

சியான் பைலாக் என்ற உளவியலார், சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருந்தபோது இதை ஆராய்ந்து 2010இல் நூலொன்று வெளியிட்டார். நன்கு பழகிய செயலொன்றைச் செய்யும்போது, அதன் ஒவ்வொரு படியையும் மனம் கண்காணிக்கத் தொடங்கினால் செயல் கெடுகிறது என்பது அவர் ஆய்வின் ஒரு முடிவு. இது நம் தாய்மார்களுக்குப் புதிதன்று. மார்கழிக் காலையில் வாசலில் கோலம் இடும் கை, பேச்சும் சிரிப்புமாக இழை பிசகாமல் ஓடுகிறது. அருகில் நின்று, "இந்தப் புள்ளியிலிருந்து எந்தப் பக்கம் வளைக்கிறீர்கள், சொல்லுங்கள்" என்று கேட்டால், கை அப்படியே நின்றுவிடுகிறது! கடைசி நொடியில் எறிபவனிடம், "முழங்கையை உள்ளே வை, விரலை விரி" என்று ஓரத்தில் நின்று கூவுபவர்கள், கோலத்தின் நடுவே அக்கேள்வியைக் கேட்பவர்களே. சென்ற குளிர்காலத்தில் அப்படிக் கூவினவர் யார் யார் என்பதை இங்குச் சொல்லப் போவதில்லை. நம் தொண்டை மறுநாள் கட்டியிருந்தது என்பதை மட்டும் சொல்வோம்.

மனத்தைச் சொல்லிவிட்டோம், எதிரியையும் சொல்லவேண்டும். நெருக்கடி ஆட்டத்தின் இறுதியில் எதிரணி உறங்குவதில்லை. யார் எறிவான், எங்கிருந்து எறிவான் என்பதை முப்பத்தைந்து மணித்துளி பார்த்துப் பழகியிருக்கிறது. முன்னணியில் உள்ள அணியோ நேரத்தைக் கடத்த விரும்பி, ஓடுவதை நிறுத்திப் பந்தைக் கையில் வைத்துக்கொள்கிறது. அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் 1985இல் 45 நொடிக்குள் எறிய வேண்டும் என்று விதித்தார்கள். 1993இல் ஆடவர்க்கு 35 ஆயிற்று. 2015இல் 30 ஆயிற்று. இருபத்தைந்து நொடியைக் கடத்திவிட்டு, மிஞ்சிய ஐந்து நொடியில், கையை மறைத்து நிற்கும் காவலன் முன்னே எறியும் பந்து எப்படி விழும்? தோழன் தந்த பந்தைப் பிடித்தவுடன், கால் ஊன்றி எறிவது ஒன்று. தானே தட்டிக்கொண்டு வந்து, திணறி நின்று எறிவது வேறொன்று. முதல் பாதியில் முன்னதையும், இறுதியில் பின்னதையும் எறிந்துவிட்டு, "இறுதியில் கை நடுங்குகிறது" என்று சொல்வது நீதியாகுமா?

இதற்குப் பெரியதோர் எடுத்துக்காட்டு 2025இல் கிடைத்தது. அதே சான் அன்டோனியோவில், ஃபுளோரிடாவும் ஹூஸ்டனும் மோதிய இறுதி ஆட்டம். நமக்கு அது ஏப்ரல் 8, காலை வேளை. காப்பி ஆறிப்போனது நினைவிருக்கிறது. அப்பருவத்தில் தொலையெறியில் நாட்டின் சிறந்த அணிகளுள் ஒன்று ஹூஸ்டன். பின்பாதியில் 12 புள்ளி முன்னணியும் பெற்றிருந்தது. இறுதியில் 65-63 என்று பின்தங்கி, கடைசிப் பந்து அதன் கையில். எமானுவல் ஷார்ப் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே எறிவதற்கு எழும்பினார். ஃபுளோரிடாவின் வால்டர் கிளேட்டன் பாய்ந்து வந்து மறித்தார். எழும்பியவர் எறிய முடியாமல் பந்தைக் கீழே விட்டார்; தாமே அதைத் தொட்டால் விதிமீறல்; தொடாமல் நின்றார்; நேரம் முடிந்தது. நாட்டின் சிறந்த தொலையெறி அணிக்குக் கடைசியில் எறியே கிட்டவில்லை! இதில் எறிந்தவரின் குறை எவ்வளவு, பாய்ந்தவரின் திறம் எவ்வளவு? தோற்றவன் குறையை மட்டும் பேசுவது வென்றவனையும் சேர்த்து இழிவு செய்வதாகும்.

இன்னும் ஒரு கணக்கு உண்டு. அது பலர்க்குப் பிடிப்பதில்லை; நமக்கும் முதலில் பிடிக்கவில்லை. நல்ல கல்லூரி ஆட்டக்காரன் மூன்று புள்ளி எறியில் நூற்றுக்கு 35 விழச் செய்கிறான் என்று கொள்வோம். மூன்றில் இரண்டு தவறுவதே அவனுடைய இயல்பு. அவன் அடுத்தடுத்து ஐந்து எறிந்தால், ஐந்தும் தவறும் வாய்ப்பு எவ்வளவு? நூற்றுக்கு ஏறத்தாழ 12. அதாவது, ஒன்பது தடவைக்கு ஒரு தடவை, நடுக்கமோ களைப்போ எதுவும் இன்றியே, வெறும் தற்செயலால் ஐந்தும் தவறும். ஆட்டத்தின் நடுவில் அப்படித் தவறினால் யாரும் எண்ணுவதில்லை. இறுதியில் தவறினால் எண்ணுகிறோம், பெயர் வைக்கிறோம்.

தற்செயலை மனித மனம் ஏற்பதில்லை என்பதைப் பற்றியும் ஆராய்ச்சி உண்டு. 1985இல் கிலோவிச், வலோன், டிவர்ஸ்கி என்னும் மூவர், கார்னல் பல்கலைக்கழகத்து ஆட்டக்காரர்களை எறியச் செய்து கணக்கெடுத்து, 'கை சூடேறியிருக்கிறது' என்று நாம் சொல்வது வெறும் தோற்றமே என்று எழுதினர். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அதுவே வேதவாக்காக இருந்தது. 2018இல் மில்லர், சன்ஹுர்ஹோ என்ற இருவர், அந்தக் கணக்கு முறையிலேயே நுட்பமானதொரு பிழை உண்டு என்று காட்டினர். கை சூடேறுவது ஓரளவு மெய்யாகலாம் என்றனர். அறிஞரே முப்பது ஆண்டு கணக்கிட்டுத் தடுமாறும் ஒன்றில், நாம் திடலிலிருந்து வீடு வரும் கால்மணி நேரத்தில் ஒரு பிள்ளையின் நெஞ்சுரத்தை அளந்து தீர்ப்பு வழங்கிவிட்டோம்.

அப்படியானால் மனம், நடுக்கம் என்பதெல்லாம் பொய்யா என்று கேட்பீர்கள். பொய்யன்று. மெம்பிஸின் தடையில்லா எறிகளை வெறும் தற்செயல் என்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. களைத்த கால், கண்காணிக்கும் மனம், பாய்ந்து வரும் காவலன், நேரம் கடத்திய ஆட்டமுறை, தற்செயல் ஆகிய ஐந்தும் ஒரே எறியில் கலந்து கிடக்கின்றன. எது எவ்வளவு என்று வெளியில் நின்று பிரித்தறிய முடியாது என்பதே நம் துணிபு.

பயிற்சியால் சிலவற்றை மாற்றலாம். நல்ல பயிற்சியாளர்கள் தொலையெறியைக் காலையில் இளைப்பாறிய உடலோடு நூறு நூறாக எறியச் செய்வதோடு நிறுத்துவதில்லை. ஓடி மூச்சு வாங்கும்போது இரண்டு எறி, மீண்டும் ஓட்டம், மீண்டும் இரண்டு. ஆட்டத்தில் ஒருவனும் நூறு எறிகளைத் தொடர்ந்து எறிவதில்லையே! இறுதி மணித்துளிகளுக்கு என்றே இரண்டு மூன்று ஆட்டமுறைகளை முன்கூட்டியே பழக்குவர். பந்து யாரிடம் போகும் என்பதை எதிரி அறியாதிருக்க, எறியக்கூடியவர் இருவராவது இருக்குமாறு அமைப்பர். நம் அணியில் அன்று எல்லாப் பந்தும் ஒருவனிடமே சென்றது. அவனைத் தவிர வேறு யாரும் கேட்கவும் இல்லை. கேட்காதவர்களை நாம் குறை கூறவில்லை. கேட்டு எறிந்தவனைக் கூறினோம்.

நண்பர்களே! நாம் சென்ற திங்கள் அப்பிள்ளையின் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். வழியில் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனோம். போனதும் ஒன்றும் வரவில்லை. அவன் தாயார் காப்பி கொடுத்தார். அன்று நாம் சொன்னதை அவர் கேட்டாரா என்று கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பட்லரின் 64 எறிக் கணக்கை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போயிருந்தோம். அவன் அதை நெடுநேரம் பார்த்தான். பிறகு, "மாமா, உள்ளே மூன்றுதானா?" என்று கேட்டான். "மூன்றுதான்" என்றோம். சிரித்தான். பந்து எங்கே இருக்கிறது என்று கேட்டதற்கு, பரண்மேல் காற்றிறங்கிக் கிடக்கிறது என்றான். காற்றடிக்கும் குழலை மறுநாள் கொடுத்தனுப்பினோம். அது இன்னும் திரும்பி வரவில்லை. திரும்பி வராதது குறித்து நமக்கு வருத்தமும் இல்லை.

செயலாளர் அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். திடலின் கீழ்ப்புற வளையத்துக்கு மேலுள்ள விளக்கு இரண்டு மாதமாக எரியவில்லை. மாலை ஆறு மணிக்கு மேல் அப்பக்கம் எறிய முடிவதில்லை. பிள்ளைகள் ஞாயிறுதோறும் ஓடிக் களைத்தபின் எறியும் பயிற்சியைத் தொடங்க இருக்கிறார்கள். எண்ணிக்கை எழுதுவதற்கு நாம் ஒப்புக்கொண்டிருக்கிறோம். நகரியப் பொறியாளர் அலுவலகத்துக்குச் சங்கத்தின் பெயரால் ஒரு கடிதம் எழுதினால் நலமாக இருக்கும். புலவர் ஐயாவின் சிலம்புச் சொற்பொழிவு அடுத்த ஆண்டு உறுதியாக உண்டு என்று தலைவர் சொல்லச் சொன்னார்.